அமாவாசைப் பச்சரிசி

மகாளய அமாவாசை அந்த வருடம் ஒரு புதன்கிழமை வந்தது. எங்கள் பசு கன்று போட்டது அதற்கு முந்தைய ஞாயிறு, காலை ஐந்து ஐம்பதுக்கு. மூன்றாவது ஈற்று. கிடேரிக் கன்று. நஞ்சுக்கொடி பத்தே காலுக்கு விழுந்தது. இப்படி நேரம் போட்டு எழுதும் பழக்கம் எனக்கு உத்தியோகத்தில் வந்தது. பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

சாரம் என்கிற பகுதியில் எங்கள் அப்பா கட்டிய வீட்டில் மாடியில் நான் இருக்கிறேன், கீழே என் தங்கை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்குக் குழந்தைகள் இல்லை. அவள் கணவர் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர்தான் அந்தப் பசுவைக் கிடேரியாக வாங்கி வந்தவர். செவலை நிறம், ஜெர்சி கலப்பு, நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளை. அவர் போனபின் தங்கைக்குப் பொழுதும் அதுதான், பேச்சுத்துணையும் அதுதான். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள சந்தில் தகரம் வேய்ந்த தொழுவம். அங்கிருந்து அவள் குரல் மாடிக்குக் கேட்கும். தெருவில் யார் வீட்டில் என்ன என்று முழு விவரமும் அதனிடம் சொல்வாள். என்னிடம் அதில் கால்வாசி சொல்லமாட்டாள்.

பசுவுக்காக நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். காலைத் தீனி, மாலைத் தீனி, பால் எத்தனை லிட்டர், சாணி கெட்டியா இளக்கமா, படுத்து எத்தனை நேரம் அசை போட்டது, ஒரு வாய்க்கு எத்தனை முறை மென்றது. பழைய புத்தகக் கடையில் கால்நடை மருத்துவப் பாடநூல் ஒன்று கிடைத்திருந்தது. செரிமானம் பற்றிய அத்தியாயங்களை இரண்டு முறை படித்திருந்தேன். எதிர்வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கும் பாய் தினமும் காலையில் பால் வாங்க வருவார். நான் நோட்டோடு நிற்பதைப் பார்த்து, "சாரு, எம்புள்ளைங்களுக்குக்கூட நான் இம்மாம் எழுதிவச்சதில்ல. நாலும் நல்லாத்தான் கீது" என்பார். தங்கை பாலை ஊற்றிக்கொண்டே சிரிப்பாள்.

சுற்று வட்டாரத்தில் மாடு கட்டியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக மாடியும் வாடகையுமாக மாறிவிட, நாலைந்து தெருவுக்கு எங்கள் பசு ஒன்றுதான் மிச்சம். அதனால் அமாவாசை என்றால் எங்கள் வாசலுக்கு ஆட்கள் வருவார்கள். முன்னோருக்குப் படைத்துவிட்டுப் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்க வேண்டும். சிலர் ஊறவைத்த பச்சரிசியில் வெல்லமும் எள்ளும் கலந்து கொண்டு வருவார்கள், சிலர் வாழைப்பழம். மாட்டுப் பொங்கலன்று கேட்கவே வேண்டாம்.

அந்த வருடம் மாட்டுப் பொங்கலுக்கு ஏழு வீட்டுச் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் பசு இரண்டு நாள் தண்ணியாகப் போட்டது. பால் பாதியானது. டாக்டர் சொன்னபடி சமையல் சோடாவைக் கரைத்துப் புகட்டி, வைக்கோல் மட்டும் போட்டு மூன்றாம் நாள் சரியாக்கினோம். அன்றைக்குத் தங்கையை உட்காரவைத்து விளக்கினேன். மாட்டின் முதல் வயிறு பெரிய பானை மாதிரி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருந்துகொண்டு வைக்கோலை மெல்ல மெல்லச் செரிக்க வைக்கின்றன. திடீரென்று அரிசியும் வெல்லமும் உள்ளே போனால், வெயிலில் மறந்து வைத்த இட்லி மாவு மாதிரி அந்தப் பானை முழுக்கப் புளித்துவிடும். அந்தப் புளிப்பு ரத்தத்தில் ஏறினால் மாடு பிழைக்காது.

அதோடு விட்டிருக்கலாம். பாய் பால் செம்போடு நிற்கும்போதே, "எத்தனை முறை சொன்னாலும் உனக்கு ஏறாதா? இந்த மாடு செத்தா உன் கையாலதான் சாவும்" என்றேன். பாய் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நான் ஒரு பலகை எழுதிக் கேட்டில் கட்டினேன்: "பசுவுக்கு அகத்திக்கீரை மட்டும் கொடுக்கவும். அரிசி, சோறு, வெல்லம் கூடாது."

இனி புதன்கிழமை.

அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கடற்கரைக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் கூட்டத்தில் நிற்க முடியாது என்று ஐந்தரைக்கே கிளம்பினேன். கிளம்புமுன் தொழுவத்துக்குப் போய் அகத்திக்கீரை இரண்டு கட்டு, வைக்கோல், தவிட்டில் கொஞ்சம் புண்ணாக்கு எல்லாவற்றையும் தங்கை போடுவதற்காக எடுத்து ஓரமாக வைத்தேன். கன்று போட்டு நாலாம் நாள், தீனியைக் கூட்டக்கூடாது என்று அளந்துதான் வைத்தேன். திரும்ப நேரமாகும் என்பதால் நோட்டில் காலைக் கட்டத்தை அப்போதே நிரப்பிவிட்டேன். "அகத்தி இரண்டு கட்டு, வைக்கோல், தவிடு. முழுதும் தின்றது. வேறு எதுவும் இல்லை."

முழுதும் தின்றது என்று எழுதினேன். பசு அப்போது படுத்திருந்தது.

உத்தியோகத்தில் நான் ஒருநாளும் செய்யாத காரியம் அது. பார்த்தவர் வந்து கையெழுத்துப் போடாமல் ஒரு பிறப்பையும் ஓர் இறப்பையும் நான் பதிந்ததில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை என்பதற்காக, அழுதுகொண்டு வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் சொந்த வீட்டு நோட்டு, தினம் எழுதுவது, கை தானாக எழுதிவிட்டது.

கடற்கரையில் பாறைகள் வரை கூட்டம். தர்ப்பணம் முடிய எட்டரை ஆகிவிட்டது. அப்படியே நூலகம் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு, வீடு திரும்பியபோது பதினொன்று நாற்பது. தங்கை கணவருக்குப் படைத்து முடித்து இலை போடத் தயாராக இருந்தாள். முகம் வாடியிருந்தது. அவர் நினைப்பாக இருக்கும் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. தொழுவத்தை எட்டிப் பார்த்தேன். பசு நின்றுகொண்டிருந்தது. தரை பளிச்சென்று கழுவி இருந்தது. சாதாரணமாக அவள் மத்தியானம் கறக்கப் போகும்போதுதான் கழுவுவாள். அதையும் கவனித்தேன். கவனித்து என்ன செய்தேன்? நல்லநாள் என்று கழுவியிருக்கிறாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று இருபதுக்குக் கறக்க உட்கார்ந்தாள். பால் பாதிதான் இறங்கியது. அசை போடும் நேரம், ஆனால் தாடை அசையவில்லை. இடையிடையே பல்லை நறநறவென்று கடித்தது. காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. ஓர் அடி எடுத்து வைத்தபோது பின்னங்கால் தள்ளாடியது. டாக்டருக்குப் போன் செய்தேன்.

டாக்டர் இளம்பெண். எங்கள் பகுதிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சூடு பார்த்தார், இயல்பைவிடக் குறைவு. இதயத்தைக் கேட்டார். பிறகு பசுவின் இடதுபக்கம், விலா முடிந்த இடத்துப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்து வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மாட்டுக்கு அந்த இடத்தில் நிமிஷத்துக்கு ஒரு முறையாவது வயிறு அசைந்து கையை மேலே தூக்கிக் கொடுக்கும். வெகுநேரம் நின்றும் அவர் கை அசையவில்லை.

"வயிறு வேலையே செய்யல" என்றார். முஷ்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுத்தார். "உள்ள ஏதோ தளும்புற மாதிரி இருக்கு. சார், இன்னைக்கு அமாவாசை. அரிசி, மாவு, சோறு, ஏதாச்சும் தின்னுச்சா?"

"இல்லை" என்றேன்.

"கொஞ்சம் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு விஷயத்துல ஒண்ணா இருக்கலாம். கன்னு போட்டு நாலு நாள்தான் ஆவுது, பாலோட சுண்ணாம்புச் சத்து இறங்கி மாடு இப்படிச் சில்லிட்டுப் போவும். இல்லன்னா அரிசி தின்னு வயிறு புளிச்சிருக்கணும். வெளியில இருந்து பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வைத்தியம் வேற வேற."

"யோசிக்கவே வேண்டாம், எழுதியே வச்சிருக்கேன்" என்று மாடிக்கு ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்தேன். சத்தமாகவே படித்தேன். அகத்தி இரண்டு கட்டு, வைக்கோல், தவிடு, முழுதும் தின்றது, வேறு எதுவும் இல்லை.

டாக்டர் நோட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். "எல்லா வீட்லயும் இந்த மாதிரி எழுதி வச்சா எங்க வேலை பாதி மிச்சம்" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. தங்கை பசுவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதன் முகத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அக்கா, நீங்க எதனா குடுத்தீங்களா?" என்று டாக்டர் அவளையும் கேட்டார்.

அவள் பதில் சொல்லுமுன் நான் சொன்னேன்: "அவ குடுக்கமாட்டா. பலகையே எழுதி மாட்டியிருக்கேன், பார்த்தீங்களா?"

சுண்ணாம்புச் சத்து பாட்டிலைக் கழுத்து நரம்பில் ஏற்றினார் டாக்டர். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இதயத்தைக் கேட்டபடி மெதுவாக ஏற்றினார். பாட்டிலைத் தூக்கிப் பிடித்தது தங்கை. பாட்டில் ஒரே உயரத்தில் நிற்கவில்லை.

"அக்கா, கொஞ்சம் கீழ இறக்குங்க, வேகமாப் போவுது."

"கை வலிக்குதா? நான் புடிக்கிறேன்" என்றேன்.

"வேணாம்" என்றாள்.

முடியும்போது பசு லேசாகத் தலையைத் தூக்கியது. காதில் கொஞ்சம் சூடு வந்தது. அரிசி தின்று புளித்த வயிற்றுக்கும் அந்த மருந்து ஓரளவு தெம்பு தரும் என்று பிற்பாடு என் புத்தகத்திலேயே படித்தேன், முதலில் இரண்டு முறை தாண்டிப்போன பக்கத்தில். அன்றைக்கு நாங்கள் அதைக் குணம் என்று எடுத்துக்கொண்டோம். காலையிலும் தீனி எடுக்காவிட்டால் கூப்பிடச் சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு நான் இறங்கி வந்தபோது பசு படுத்திருந்தது. தலையை வயிற்றுப் பக்கம் மடக்கி வைத்திருந்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. தங்கை கன்றைத் தனியே கட்டிவிட்டு, பசுவின் நெற்றி வெள்ளையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுந்தாள், தூங்கினாளா என்று நான் கேட்கவில்லை.

பாய் செம்போடு வந்தார். "இன்னைக்குப் பால் இல்ல பாய், உடம்பு சரியில்ல" என்றேன்.

"ஆமாமா, நேத்து விருந்து பலமாச்சே" என்றார் பாய். "காலையில கடையைத் தொறந்ததுல இருந்து பார்க்குறேன், ஒவ்வொரு வீடா தட்டை ஏந்திக்கினு வந்துக்கினே இருந்தாங்க. எங்க வூட்டுக் கல்யாணப் பந்திகூட இப்படி ஓடல. வயிறு என்னத்துக்கு ஆவும் சாரு?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "ஏன் சாரு, தெரியாதா?" என்று மெல்லக் கேட்டார்.

தொழுவத்துக்குள் திரும்பினேன். பசுவின் பின்பக்கம் தண்ணீராக ஓடியிருந்தது. சாணி நாற்றம் இல்லை, புளித்த மாவின் வாடை. குனிந்து பார்த்தேன். அதில் வெள்ளை வெள்ளையாக, செரிக்காத முழு அரிசி.

தங்கை என்னைப் பார்க்கவில்லை.

"எத்தனை பேர்?" என்றேன்.

"பதினாலு வீடு."

"பலகை எழுதியிருக்கே."

"எல்லாரும் படிச்சாங்க. படிச்சிட்டு எங்கிட்ட ஒரு பிடிதாம்மா, எங்கப்பாவுக்கும்மா, எங்க வூட்டுக்காரருக்கும்மான்னாங்க. ஒரு பிடிதான்ணே எல்லாரும் குடுத்தாங்க. யாரும் அதிகமாக் குடுக்கல." பசுவின் காதோரத்து வைக்கோலைத் தட்டிவிட்டாள். "மொதப் பிடி நான் குடுத்தது. அவருக்கு. அதுக்கப்புறம் மத்தவங்கள எந்த வாயால வேணாங்குறது?"

"நேத்து டாக்டர் கேட்டாங்களே. பக்கத்துலயே நின்னியே."

அவள் பசுவின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். போன் செய்யப் போய்விட்டேன்.

டாக்டர் எட்டுக்குள் வந்துவிட்டார். கீழே கிடந்த அரிசியைக் கையுறைக் கையால் எடுத்துப் பார்த்தார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பசுவின் வாயில் கட்டை கொடுத்து, தொண்டை வழியாகத் தடித்த குழாயை வயிறு வரை விட்டார். நானும் பாயும் தலையைப் பிடித்துக்கொண்டோம். குழாயின் மறுமுனையைத் தாழ்த்தியதும் கஞ்சி போல் ஒன்று வெளியே வந்தது. அந்த வாடையில் கண் எரிந்தது. வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே ஊற்றி வெளியே எடுப்பதும், மறுபடி ஊற்றுவதுமாக ஒரு மணி நேரம். தங்கை அடுப்பில் தண்ணீர் சுடவைத்து, வாளி வாளியாகக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு வாளியிலும் அரிசி வந்தது. பிறகு சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினார்கள். நரம்பில் பாட்டில் மேல் பாட்டிலாக ஏறியது.

"வயித்தைக் கிழிச்சு எடுக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"தாங்காது சார். ரத்தம் வரைக்கும் ஏறிடுச்சு."

பதினோரு மணிக்குப் பசு ஒருமுறை முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது. தங்கை அதன் தோளுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினாள். நானூறு கிலோ மாட்டை அவள் தூக்குவதாக நினைத்தாளோ என்னவோ. "எந்திரி, எந்திரிம்மா, நான் புடிச்சிக்கிறேன்" என்றாள். அது மறுபடி படுத்துவிட்டது. தள்ளிக் கட்டியிருந்த கன்று ஒருமுறை கத்தியது. பசு அந்தச் சத்தத்துக்குக் காதை மட்டும் திருப்பியது. அதன் பிறகு அதுவும் இல்லை.

இரண்டு பத்துக்கு மூச்சு நின்றது.

டாக்டர் குழாயடியில் கை கழுவினார். நான் துண்டை நீட்டிக்கொண்டு நின்றேன். கேட்டேவிட்டேன்: "நேத்தே தெரிஞ்சிருந்தா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு சார்."

"சொல்லுங்க."

அவர் கையைத் துடைத்து முடித்தார். "நேத்து சாயங்காலமே குழாய் விட்டிருப்பேன். அப்ப ரத்தத்துல இவ்வளவு ஏறியிருக்காது. பொழைக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு." துண்டை மடித்து என் கையில் கொடுத்தார். "நீங்க தெரியலைன்னு சொல்லியிருந்தாக்கூட விட்டிருப்பேன் சார். சந்தேகத்துக்கு விட்டுப் பார்த்திருப்பேன். அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். தன்மேலும் அவருக்கு வருத்தம் இருந்தது என்று நினைக்கிறேன். கேட்ட பிறகும் குழாயை விடாமல் போனோமே என்று அவரும் நினைத்திருப்பார்.

பசுவை எடுத்துப்போக வண்டி வர நாலரை ஆகும் என்றார்கள். அதற்குள் தெருவில் செய்தி பரவி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் முந்தைய நாள் தட்டோடு வந்தவர்கள். மஞ்சள், குங்குமம், சாமந்தி மாலை கொண்டுவந்தார்கள். பக்கத்துத் தெரு சொல்தா வீட்டுப் பெரியம்மாவும் வந்தார். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பெரியம்மா எண்பதைத் தாண்டியவர், நடக்கவே சிரமப்படுபவர். கட்டிக் கொண்டுவந்த மாலையைப் பசுவின் கொம்பில் தானே போட்டார்.

"என்னம்மா ஆச்சு? நேத்துக்கூட என் கையில நல்லா வாங்கித் தின்னுச்சே" என்று தங்கையிடம் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று நிச்சயமாக இப்போது சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லத்தான் போயிருப்பேன். அடுத்த அமாவாசைக்காவது வேறு மாடு பிழைக்கட்டும் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்திருப்பேன்.

தங்கை முந்திக்கொண்டாள். "கன்னு போட்ட காய்ச்சல் பெரிம்மா. சத்து எல்லாம் பாலோட இறங்கிடுச்சாம். டாக்டர் சொன்னாங்க."

"அப்படியா. சாவுற நேரத்துலயும் பாரு, நல்லநாளாப் பார்த்து எங்க எல்லார் கையாலயும் ஒரு வாய் வாங்கிக்கினு போயிருக்கா. புண்ணியவதி" என்றார் பெரியம்மா. சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். ஒருத்தி அழுதாள்.

டாக்டர் கிளம்பிப் போயிருந்தார். பாய் தன் கடை வாசலில் நின்றிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். அவர் உள்ளே போய்விட்டார்.

அந்தப் பதினாலு வீட்டுக்காரர்களும் தங்கள் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் கொடுத்த பிடி இப்படி ஆனது என்று தெரியாமலே இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். அந்த யோசனை அவளுக்கு அந்த நேரத்தில், அந்த நிலைமையில் எப்படி வந்தது என்று எனக்கு இன்னமும் ஆச்சரியம். மொத்தப் பாரத்தையும் தானே வைத்துக்கொண்டாள்.

பிறகு வந்த நாட்களில் அவள் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கன்றுக்குப் பால் வாங்கிப் பாட்டிலில் புகட்டினாள். சமைத்தாள். துணி துவைத்தாள். தொழுவத்துப் பக்கம் பேச்சுக் குரல் கேட்கவில்லை. நாலாம் நாள், கன்றின் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல், "என் கையாலதான் போச்சு" என்றாள். நான் அப்போது இரண்டு அடி தள்ளி நின்றிருந்தேன். பொங்கல் சமயத்தில் அவளிடம் நான் சொன்ன அதே வார்த்தை. டாக்டர் குழாயடியில் சொன்னதை நான் அவளிடம் அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அவள் தன் தவறை ஒப்புக்கொண்டாள் என்பதே எனக்கு ஒருவித வசதியாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கன்றுக்கு வாங்கின பால் ஒத்துக்கொள்ளவில்லை. கழிச்சல் கண்டது. டாக்டர் வந்து மருந்து கொடுத்துவிட்டு, "வேற பசு ஏதாச்சும் சேர்த்துக்கிட்டா நல்லது அக்கா. அரியாங்குப்பத்துல ஒரு வீட்ல கன்னு செத்துப்போன மாடு ஒண்ணு பால் கட்டிக்கினு நிக்குது. கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றார்.

"இங்கியே இருக்கட்டுமே" என்றேன் நான்.

"வேணாம்" என்றாள் தங்கை. "இது இருந்தா தட்டை எடுத்துக்கினு மறுபடி வருவாங்க. என்னால யாரையும் வேணாம்னு சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியாதது இல்ல."

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குச் சின்ன சரக்கு வண்டி வந்தது. பின்தட்டில் வைக்கோலைப் பரப்பி, கன்றை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்தோம். ஊரைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் காற்று பலமாக அடித்தது. கன்று பயந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் அதன்மேல் முந்தானையைப் போர்த்தினாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் சொன்னேன். டாக்டர் என்னிடம் சொன்னது, நான் காலைக் கட்டத்தைத் தின்னுமுன்னே நிரப்பியது, பார்க்காததைப் பார்த்த மாதிரி படித்தது, தெரியலை என்ற ஒரு வார்த்தை என் வாயில் வராதது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் கன்றின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தெரியும். நீங்க கொழாயடியில பேசினப்ப நான் சமையக்கட்டு ஜன்னல்லதான் நின்னேன்" என்றாள்.

"அப்புறம் ஏன் எதுவும் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்."

பாலம் முடிந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க அந்தப் பக்கத்தை எழுதாமப் போயிருந்தாலும் அன்னைக்கு நான் வாயைத் தொறந்திருக்க மாட்டேன்ணே" என்றாள். "டாக்டரம்மா என்னைக் கேட்டப்ப சொல்லத்தான் வந்தேன். நீங்க நோட்டைப் புடிச்சிக்கினு நின்னீங்க. பாய் எதிர்ல என்னைப் பேசினது ஞாபகம் வந்துச்சு. டாக்டரம்மா எதிர்லயும் பேசுவீங்க. அதுக்குப் பயந்து ஒரு உசுரை விட்டுட்டேன் பாருங்க."

எனக்கு அப்போது அறுபத்து நாலு வயது. அவளுக்கு ஐம்பத்தெட்டு. ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே வீட்டில் கிழவர்களாகிக்கொண்டிருந்தோம். அவளுக்கு என்னிடம் மரியாதை என்று நான் நினைத்ததெல்லாம் பயம் என்று அந்த வண்டியில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குப் பழக்கமில்லை.

அரியாங்குப்பத்து வீட்டில் ஒரு கறுப்புப் பசு நின்றது. வீட்டுக்காரம்மா கன்றின் உடம்பில் அந்தப் பசுவின் பாலையே தடவி, மெல்ல அருகில் கொண்டுபோய் விட்டார். பசு முதலில் முட்டித் தள்ளியது. இரண்டாம் முறையும் தள்ளியது. மூன்றாம் முறை மோந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டது. கன்று காம்பைப் பிடித்ததும் தங்கை வெளியே வந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை மட்டும் கையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பப் பஸ் ஏறினோம். கூட்டம். அவள் முன்பக்கம் பெண்களோடு ஏறினாள். நான் பின்படியில் ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றேன். பாலத்தின் மேல் வரும்போது எட்டிப் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் அவள் பின்தலை மட்டும் தெரிந்தது. கண்டக்டர் நெருக்கியடித்துக்கொண்டு என்னருகே வந்தபோது சட்டைப் பைக்குள் கை விட்டேன்.

"உங்களுக்கு எடுத்தாச்சு பெரியவரே" என்றார். "முன்னாடி ஒரு அம்மா, பின்னால வெள்ளைச் சட்டை போட்டுக்கினு எங்கண்ணன் நிக்குறாருன்னு சேர்த்து வாங்கிட்டாங்க."